மலைத் தண்ணீருக்குக் காவல் பீவர்

சியாட்டில் பக்கம் வேலை கிடைத்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மழையைப் பற்றித்தான். ஜூலை, ஆகஸ்டில் இங்கே மழை அநேகமாகக் கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை. கோடையில் ஆறுகளைப் பெரும்பாலும் காப்பாற்றுவது கேஸ்கேட் மலையில் குளிர்காலத்தில் விழுந்த பனிதான், மலைக்கு அந்தப்பக்கம் யாகிமாவில் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பாய்வதும் அதுவே. பூமி சூடேறிக் குளிர் குறையக் குறைய, பனியாக விழ வேண்டியது மழையாகவே கொட்டி, கோடைக்கு முன்பே ஓடித் தீர்ந்துவிடுகிறது.

சரி, அதைப் பிடித்து வைக்க யார் இருக்கிறார்கள்? பீவர் இருக்கிறது, மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும், எலி இனத்துப் பெரிய விலங்கு.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு குடும்பம் இருக்கிறது. முன்பல் நல்ல ஆரஞ்சு நிறம், பல்லில் இரும்புச் சத்து இருப்பதால். குச்சி, சேறு, கல் எல்லாம் வைத்து அது கட்டும் அணை நம் ஏரிக்கரை மாதிரி தண்ணீரை அடைத்து நிறுத்துவதில்லை, கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தேங்கிய தண்ணீர் பக்கத்து மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி மட்டம் ஏறி, கோடைக் கடைசியில் மெதுவாக, குளிர்ச்சியாக ஓடைக்குத் திரும்புகிறது. கோஹோ சால்மன் என்ற மீனின் குஞ்சுகள் வளர்வதற்கும் அந்தக் குட்டைதான் வசதி. காட்டுத்தீ வந்தாலும் அணை இருக்கும் பகுதி பெரும்பாலும் பச்சையாகவே தப்பிக்கிறது, புகையில் ஒரு ஆகஸ்டைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதே வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தோ பள்ளத்தாக்கில் 2008லிருந்து, தொல்லை தரும் பீவர்களைப் பிடித்து மலை ஓடைகளில் விடுகிறார்கள். வின்த்ராப் மீன் பண்ணைத் தொட்டிகளில் ஜோடி சேர்த்துவிட்டுத்தான் கொண்டுபோவார்களாம், தனியாக விட்டால் துணை தேடிக் கிளம்பிவிடுமே! பக்கத்து மாநிலமான ஐடஹோவில் 1948ல் இதற்காக 76 பீவர்களைப் பெட்டியில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள், அரசாங்கமே செய்த வேலை.

இங்கே நடைபாதையில் தண்ணீர் ஏறியதும் அணையை உடைக்கச் சொல்லி ஒரே சத்தம். உடைத்து என்ன பயன், ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கட்டிவிடும். கடைசியில் அணைக்குள் ஒரு குழாயைச் செருகி, அதன் வாயில் கம்பிக்கூண்டு வைத்து மட்டத்தைக் குறைத்தார்கள். வீட்டில் மரம் வைத்திருப்பவர்கள் அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டில் மணலைக் கலந்து பூசுங்கள், பல்லில் மணல் நறநறப்பது அதற்கு ஆகாது.