கத்திரிக்காய் மேல் போட்ட பழி

கறுப்புச் சேலையில்தான் அது முதலில் தெரிந்தது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 22 வருடமாக எனக்குச் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுக்கிலிருந்து உருவி, ஒரே வீச்சில் விரிக்க வேண்டும். அன்று ஒரு கறுப்புச் சுங்குடியை விரித்தபோது அதன் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. சுவரிலிருந்து விழுந்த சுண்ணாம்பு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். எதிரில் இருந்த அம்மா சுவரைப் பார்க்கவில்லை, என் முழங்கையைப் பார்த்தார். "வேற கடையிலயும் பாத்துட்டு வர்றோம்ணே" என்று எழுந்து போய்விட்டார்.

முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்த தடிப்பு. அதன் மேல் மீன் செதில் மாதிரி பொருக்கு. தலையில் ஒரு வருடமாகப் பொடுகு என்று நினைத்துச் சொறிந்துகொண்டிருந்ததும் இதே சங்கதிதான், இதற்கு சொரியாசிஸ் என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மருந்துக் கடையில் கையை நீட்டினேன். படர்தாமரை என்று சொல்லி ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் வழவழவென்று ஆகிவிட்டது. நிறுத்தியதும் ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த டியூப் அது. இப்படி ஏழெட்டு டியூப் தீர்த்தேன்.

அப்புறம் சித்தப்பா மகன், மேலூர் தாண்டி ஒருவர் ஊசி போடுகிறார், ஒரே ஊசியில் சுத்தம் என்றான். போனேன். உண்மையிலேயே பத்து நாளில் உடம்பு பளிச்சென்று ஆனது. மாதம் ஒரு ஊசி, கூடவே ஒரு பத்தியச் சீட்டு. கத்திரிக்காய், கருவாடு, நாட்டுக்கோழி, மொச்சை எல்லாம் கூடாது. கருவாடும் கோழியும்கூடப் போகட்டும். நான் கத்திரிக்காய்க்கு உயிரை விடுகிறவன். நான்கு வருடம் அதைத் தொடவில்லை. எங்கேயாவது கல்யாண வீட்டில் சாம்பாரில் ஒரு துண்டு வாயில் போய்விட்டால்கூட, அடுத்த வாரம் வருகிற தடிப்புக்கு அதுதான் காரணம் என்று கணக்கு எழுதினேன்.

ஒரு தீபாவளி சமயம் கடையில் லீவு கிடைக்கவில்லை. ஊசிக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் முதுகு, வயிறு, தொடை எல்லாம் சிவந்து எரிய ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் மெத்தையில் கையளவு பொருக்கு கிடந்தது. பட்டப்பகலில் குளிர் நடுக்கம் வேறு. ஐப்பசி மழை என்றாலும் மதுரையில் போர்வை போர்த்தி நடுங்குகிற குளிரா அது? மனைவி ஆட்டோ பிடித்து கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தோல் பிரிவில் பார்த்த டாக்டரம்மா என் சட்டையைக் கழற்றச் சொன்னார், பார்த்தார், அன்றே படுக்கையில் போட்டுவிட்டார்.

எட்டு நாள் இருந்தேன். அந்த ஊசியில் இருந்ததும் ஸ்டீராய்டுதான் என்றார். ஊசியாகவோ மாத்திரையாகவோ உடம்புக்குள் போகும்வரை சொரியாசிஸை அமுக்கி வைக்கும், நிறுத்தினால் அமுக்கியதற்கு வட்டியும் முதலுமாக எழுந்து வரும். தோல் முழுக்க இப்படிச் சிவந்துவிட்டால் உடம்புச் சூடும் நீரும் தோல் வழியாகவே போய்க்கொண்டிருக்கும், நடுக்கம் அதனால்தான், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

நோயைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். முழங்காலில் இருந்த ஒரு பழைய தடிப்பை கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டினார். மெழுகுவர்த்தியைச் சுரண்டினால் வருகிற மாதிரி வெள்ளைத் தூளாக வந்தது. இன்னும் சுரண்ட, அடியில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக ரத்தம். பிறகு கைவிரல் நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குண்டூசியால் குத்தியது போல் குழிகள். அந்த நகங்களை நான் தினமும் பார்க்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. உறுதி செய்துகொள்ள ஒரு சின்னத் துண்டு தோலையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைப்பாக இருக்கிறதா, குதிகால் வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த நோய் சிலருக்கு மூட்டுக்குள்ளும் போகுமாம், கவனிக்காமல் விட்டால் மூட்டு கோணிக்கொள்ளுமாம். எனக்கு இல்லை.

சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கிற செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எனக்கு அது ஒரு வாரத்துக்குள் நடக்கிறது. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலை அவசரப்படுத்துகிறது. பாதி வெந்த சோற்றை இறக்கி வைக்கிற மாதிரி, முதிராத செல்கள் மேலே குவிந்து பொருக்காகின்றன. கிருமி இல்லை, அதனால் ஒட்டாது. இதை டாக்டரம்மா என் மனைவியைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். நான்கு வருடமாக எனக்குத் தனிச் சோப்பு, தனித் துண்டு. அன்று சாயங்காலம் அவள் துண்டால் என் முதுகைத் துடைத்துவிட்டாள். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், "வேற ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?" என்றார்.

"பிரஷருக்கு ஒண்ணு. அது கூட இதுக்குச் சம்பந்தமாம்மா?"

அட்டையை வாங்கிப் பார்த்தார். அட்டெனலால். எப்போதிலிருந்து என்றார். விரல் விட்டு எண்ணினேன். முழங்கையில் முதல் தடிப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்து. பீட்டா பிளாக்கர் என்கிற இந்த வகை மாத்திரை சிலருக்கு சொரியாசிஸைக் கிளப்பிவிடுமாம். மனநோய்க்குக் கொடுக்கிற லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவையும் அப்படியே. "நீங்களா நிறுத்திடாதீங்க, இதயத்துக்கு ஆகாது" என்று சொல்லி, பிரஷர் பார்க்கிற டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வேறு வகைக்கு மாற்றினார்.

நோயையே கொண்டுவந்தது அந்த மாத்திரை என்று சொல்ல மாட்டேன். தலையில் அதற்கு முன்பே இருந்ததே. விறகு அடுப்பில் ஏற்கெனவே இருந்தது, மாத்திரை ஊதிவிட்டது. ஆனாலும் நான்கு வருடம் ஒரு காயைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, தினமும் காலையில் தண்ணீர் ஊற்றி நானே விழுங்கியதை யோசிக்காமல் இருந்தேன் பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது நீண்ட வேலை. வெள்ளை பாரஃபின் களிம்பை, குளித்து ஈரம் காயும் முன் உடம்பெல்லாம் பூச வேண்டும். தலைக்குக் கோல்தாரும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த மருந்து. புதிதாகத் தார் போட்ட ரோட்டின் வாசம் அடிக்கும். தலையணை உறையெல்லாம் கறை. குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பும் கொடுத்தார்கள். அதைக் கண்டதும் பயந்தேன். தடிப்பான இடத்தில் மட்டும், இரண்டு வாரம் மட்டும், முகத்திலும் அக்குளிலும் தொடக்கூடாது என்று அளவு சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அதைக் குறைத்து, கால்சிபோட்ரியால் என்று வைட்டமின் டி வகைக் களிம்பு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் தோலை மெலிய வைக்காது.

அடுத்தது ஒளிச் சிகிச்சை. அது வேறொரு கிளினிக்கில். ஆள் உயரப் பெட்டி, உள்ளே நீள நீளமாக ட்யூப் லைட் மாதிரி விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு நிற்க வேண்டும். முதல் நாள் சில விநாடிகள்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வாரம் மூன்று நாள். "மதுரை வெயிலில் இல்லாததா இந்தப் பெட்டியில் இருக்கு?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். வெயிலில் எல்லாக் கதிரும் கலந்து வரும், இந்த விளக்கு புற ஊதாக் கதிரில் 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையை மட்டும் தருகிறது என்றார் அங்கிருந்தவர். கத்தரி வெயிலில் நின்று தோல் வெந்துபோனால், அந்தப் புண்ணின் மேலேயே சொரியாசிஸ் ஏறிக்கொள்ளும் என்றும் சொன்னார். எனக்கு நல்ல பலன் தெரிந்தது. ஆனால் வாரம் மூன்று நாள் பர்மிஷன் கேட்டால் எந்த முதலாளி பொறுப்பார்? பங்குனியோடு விட்டுவிட்டேன்.

அதனால் மாத்திரைக்கு வந்தோம். மெத்தோட்ரெக்சேட். மார்பு எக்ஸ்ரே, ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்த பிறகே தொடங்கினார்கள். இதில் நான் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: இது வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. டாக்டரம்மா என்னையே ஒரு கிழமை சொல்லச் சொன்னார். செவ்வாய் என்றேன். "எதுக்குச் செவ்வாய்?" "மறக்காதும்மா, அன்னைக்கு வீட்ல கறி எடுக்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டே சீட்டில் பெரிதாக எழுதினார். அப்படி எழுதியும், ஒரு மருந்துக் கடையில் உறையின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கிறுக்கிக் கொடுத்தான் ஒரு பையன். தினமும் விழுங்கியிருந்தால் ரத்தம் உற்பத்தியாகிற இடமே படுத்துவிடும். உறையைத் திருப்பிக் கொடுத்துச் சத்தம் போட்டேன். செவ்வாய் தவிர்த்த நாட்களில் ஃபோலிக் அமிலம், குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, சாராயம் பீர் எதுவும் அறவே கிடையாது. பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள், ஆணோ பெண்ணோ, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கருவுக்கு ஆகவே ஆகாது. இதற்கும் கேட்காதவர்களுக்கு பயாலஜிக் என்ற ஊசிகள் இருக்கின்றன. அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விலை கேட்டேன், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் சோழவந்தானிலிருந்து மதினி வெட்பாலைத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். (பாருங்கள், அதுவும் கத்திரி!) சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர், அதற்கு இந்தத் தைலம் பழைய மருந்து. டாக்டரம்மாவிடம் மறைக்காமல் காட்டினேன். மேலே பூசுவதற்குத் தடை சொல்லவில்லை, என்ன இருக்கிறதென்று தெரியாத பொடி எதையும் விழுங்காதீர்கள் என்றார். தலைப்பொருக்கு இளகுவதற்குத் தார் மருந்தைவிட எனக்கு இதுவே பிடித்திருந்தது. வாசமும் பரவாயில்லை.

எது கிளப்பிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தது என் மனைவி. நாட்காட்டித் தாளைக் கிழிக்காமல் அதில் எழுத்துகள் போட்டு வைத்தாள். தொண்டை வலித்தால் 'தொ', தூக்கம் கெட்டால் 'தூ', கீறல் பட்டால் 'கீ'. ஒரு வருடத் தாளைப் புரட்டியபோது தெரிந்தது. தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பில் சின்னச் சின்னப் புள்ளிகள். தொண்டையில் வருகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இதைத் தூண்டும் என்றார் டாக்டரம்மா. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் நடுராத்திரி வரை கடை, காலையில் திரும்ப ஓட்டம். அந்த வாரங்களுக்குப் பின்னால் தவறாமல் ஒரு ஏற்றம். கீறல்தான் எனக்கு ஆச்சரியம். கத்தரிக்கோல் நுனி முன்னங்கையில் கோடு போட்டது, பத்து நாள் கழித்து அதே கோட்டில், அதே நீளத்தில் சொரியாசிஸ். பெல்ட் இறுகுகிற இடுப்பிலும் அப்படியே. கோப்னர் என்ற டாக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியதால் அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்களாம். பெல்ட்டை விட்டு வேட்டிக்கு மாறினேன். மெத்தையில் முழங்கை ஊன்றிச் சாய்கிற பழக்கத்தையும் விட்டேன், 20 வருடப் பழக்கம். மார்கழி, தையில் தோல் வறண்டால் களிம்பு இரண்டு வேளை. பீடியை நிறுத்த எனக்கு ஆறு மாதம் ஆனது, அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாதாம். மகளுக்கு வரன் பார்க்கும்போது, அப்பாவுக்குத் தோல் நோயாமே என்று ஒரு இடம் கை நழுவியது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வரன்காரர்களிடம் நானே முதலில் கையைக் காட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமா தன் முழங்காலைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது இடது முழங்கையில் மட்டும் ஒன்று இருக்கிறது. மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். போன மாதம் வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கச் சொன்னேன். மனைவி யோசித்தாள், பிறகு பிஞ்சாகப் பார்த்து வாங்கி வந்து வைத்தாள். அன்றைய தாளில் 'க' என்று எழுதினாள். ஒரு வாரம் பார்த்தோம், இரண்டு வாரம் பார்த்தோம், மூன்றாவது வாரமும் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. நாலாவது வாரம் பேரனிடமிருந்து தொற்றித் தொண்டை கட்டிக்கொண்டது. தாளில் 'தொ' விழுந்திருக்கிறது. இனிமேல்தான் பார்க்க வேண்டும்.