தீவனத் தட்டைப்பயறு: ஆனிப்பட்ட நாட்குறிப்பு

ஜூன் 18
அரை ஏக்கருக்குக் கோ 5 ரக விதை 5 கிலோ. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து பிடிக்கும் நுண்ணுயிர்) பொட்டலம் ஒன்றைக் கரைத்து, விதையில் பிசறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தியாச்சு. வெயிலில் போட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். பிசறிய விதையை 24 மணி நேரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும்.

அடியுரம்: தொழுவுரம் இரண்டரை டன், யூரியா 11 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ, பொட்டாஷ் 7 கிலோ. இதோடு சரி, மேலுரம் கிடையாது. யூரியா கூடினால் வேரில் முடிச்சு கட்டாது.

ஜூன் 19
விதைப்பு. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. விதைத்ததும் தண்ணீர், மூன்றாம் நாள் முளைப்புக்கு உயிர்த்தண்ணீர்.

ஜூலை 9
களையெடுப்பு. இந்த ஒரு களை போதும். அப்புறம் கொடி படர்ந்து மண்ணை மூடிவிடும்.

ஜூலை 17
ஒரு செடியை மண்ணோடு கிளறி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தது. உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து பிடிக்கிறது என்று அர்த்தம். வாய்க்கால் கடைமடையில் தண்ணீர் தேங்கிய இடத்துச் செடிகள் மஞ்சளடித்து நிற்கின்றன. அங்கே முடிச்சு வெளுப்பு. வேருக்குக் காற்று போகவில்லை. வடிகால் வெட்டியாச்சு. இந்தப் பயிர் வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேக்கத்தைத் தாங்காது.

ஜூலை 27
கொழுந்தில் சாறு உறிஞ்சும் கருப்பு அசுவினிப் பூச்சி, கூடவே எறும்பு. ஓரத்தில் மட்டும்தான். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் வந்திருக்கிறது. கொழுந்தைக் கிள்ளி எரித்துவிட்டு, ஓரச் செடிகளுக்கு மட்டும் லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். மாடு தின்னும் பயிருக்கு விஷ மருந்தை எடுக்கவே கூடாது. தேமல் நோய் (இலையில் திட்டுத்திட்டாக மஞ்சள்) விழுந்த செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தியாச்சு.

ஆகஸ்ட் 10
பாதிச் செடியில் பூ. அறுப்பு தொடங்கியது. காய் பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் எடை கூடும்தான். ஆனால் அடியிலை உதிர்ந்து தண்டு நாரேறிவிடும். புரதம் இலையில்தான் இருக்கிறது. தண்டைத் தின்ன வைக்க நாம் பயறு போட வேண்டியதில்லை, சோளத்தட்டே போதும்.

பனி ஈரத்தோடு, வெறும் வயிற்று மாட்டுக்குப் போட்டால் வயிறு உப்பும். காலையில் அறுத்து, வாடவிட்டு, முதலில் வைக்கோல் காட்டி, பிறகு சோளத்தட்டு மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு நறுக்கிக் கலந்து போடுவது.

ஆகஸ்ட் 13
மிச்சத்தை உலர்த்துவதில் ஒரு சிக்கல்: தண்டு காய்வதற்குள் இலை நொறுங்கிவிடுகிறது. அதனால் புரட்டுவதெல்லாம் விடிகாலையில், இலை பதமாக இருக்கும்போது. தண்டை ஒடித்தால் 'படக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் அடுக்கி வைத்த போரில் பூசணம் பிடிக்கும். பயறை மட்டும் தனியாகக் குழியில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல் செய்வதும் சரிவராது, புளிக்கத் தேவையான சர்க்கரை குறைவு. மக்காச்சோளத்தோடு கலந்தால் வரும்.

இது ஒரே அறுப்புப் பயிர். கட்டையை அப்படியே மடக்கி உழுது, அடுத்து தீவனச் சோளம்.