கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்

டயட் என்று சொல்லி இதுவரை மூன்று முறை தொடங்கியிருக்கிறேன். மூன்று முறையும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்தேன், மூன்று முறையும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. நிலைத்து நின்றதெல்லாம் மனஉறுதி எதுவும் கேட்காத சின்ன விஷயங்கள்தான். இப்போது யாராவது கேட்டால் அவற்றைத்தான் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பல மாதங்களாக மாலை நான்கு மணிக்கு ஒரு தலைவலி வரும். வேலை அதிகம், கண்ணுக்குச் சோர்வு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் உட்கார்ந்து யோசித்தால், காலையில் ஒரு காபி, மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. வேலை செய்யும் மேஜையில் ஒரு பாட்டிலை நிரப்பி வைக்க ஆரம்பித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. கண்ணில் படுவதால் கை தானாகப் போகிறது, அந்தத் தலைவலி இப்போது எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது.

நாளைக்கு எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்று சொல்வார்கள். 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2.5 லிட்டர் நீர் என்று ஒரு அளவு சொன்னது. அதில் பெரும்பகுதி சாப்பிடும் உணவிலேயே கிடைத்துவிடும் என்பதையும் சேர்த்தேதான் சொன்னது, ஆனால் அந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் டம்ளரை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். தாகம் எடுத்தால் குடிக்கிறேன், சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடிக்கிறேன். வெயிலில் அலைந்த நாளில் தேவை கூடும். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். சிறுநீரகம், இதயம் சம்பந்தமான தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மட்டும் கேளுங்கள், என்னைப் போன்றவர்கள் எழுதுவதை அல்ல.

அடுத்தது இனிப்பு பானங்கள், எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன். ஒரு நாளில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சேர்த்த சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. ஒரே கேனில் அந்த 25 தாண்டிவிடுகிறது, ஆனால் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது, அப்புறம் சாப்பாட்டையும் வழக்கம்போலவே சாப்பிடுவோம். சரி, பழச்சாறு நல்லதுதானே என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கில் பழச்சாறும் தேனும்கூட அடங்கும், முழுப் பழம் அடங்காது. ஒரு டம்ளர் சாறுக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழிய வேண்டும், அந்த நான்கையும் உரித்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் பார்ப்போம், இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றிவிடும், ஏனென்றால் மெல்ல வேண்டியிருக்கிறது, நாரும் உள்ளே போகிறது.

காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்ததை ஒரே நாளில் நிறுத்தவில்லை. வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தேன், நாக்குக்குத் தெரியவே இல்லை. இப்போது அரை ஸ்பூனில் நிற்கிறது, பழைய அளவில் யாராவது போட்டுக் கொடுத்தால் திகட்டுகிறது. இன்னொன்று, காபியையும் டீயையும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, அவற்றில் உள்ள பொருட்கள் கீரை, பருப்பிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கின்றன. எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதற்கு நேரெதிர், வைட்டமின் சி அதே இரும்பை எளிதாக உள்ளே இழுக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

உப்பும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அது ஒரு டீஸ்பூன்தான். பாக்கெட் உணவுகள் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு, சமையலில் போடுவதைவிட ரொட்டி, சாஸ், சிப்ஸ் வழியாகத்தான் உப்பு கூடுதலாகப் போகும். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், சில பாக்கெட்டுகளைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவீர்கள்.

சாப்பிடும்போது போனை வேறு அறையில் வைக்கிறேன். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்க இருபது நிமிடம் போலப் பிடிக்கும், நானோ ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு இரண்டாவது முறை போட்டுக்கொள்கிற ஆள். போன் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறோம், வேகம் தானாகக் குறைகிறது. காய்கறியை முதலில் தட்டில் வைத்துவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்வதும் உதவுகிறது.

வீட்டில் பழத்தை நறுக்கி, மூடி தெளிவாக இருக்கிற டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜைத் திறந்ததும் கண்ணில் படுகிற தட்டில் வைக்கிறோம். முன்பெல்லாம் அதே பழம் கீழே இருக்கும் டிரேயில் கிடந்து அழுகும், இப்போது சாயங்காலத்துக்குள் காலியாகிவிடுகிறது. பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றினோம். யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே ஆசையாக இருக்கும் நாளில் ஏறி எடுத்து, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறோம்.