அம்மாவின் கையெழுத்து பொருந்தவில்லையாம்

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நவம்பர் தேர்தலில் நிற்கப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் முடிந்த கையோடு அம்மா பெயருக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓட்டு உறையில் இருந்த கையெழுத்து பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை, 19-ஆம் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது என்று இருந்தது. ஊரில் செக் திரும்பி வந்தால் வங்கி அனுப்புமே, அதே தொனி. “நான் போட்ட கையெழுத்தை நான் போடலைன்னு சொல்றாங்களா?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். வயதான காலத்தில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட ஆரம்பித்தவர். அவருக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

இங்கே 2011-லிருந்து எல்லா கவுண்டிகளிலும் (மாவட்டங்களிலும்) தபால் ஓட்டுதான். தேர்தலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே ஓட்டுச்சீட்டு வீடு தேடி வந்துவிடும். நிரப்பி, உறையில் அச்சிட்ட உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தபாலிலோ ஓட்டுக்கென்று வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலோ போட்டுவிடலாம், தபால்தலைகூட வேண்டாம். அடையாள அட்டை காட்டும் வேலை இல்லை என்பதால் அந்தக் கையெழுத்துதான் எல்லாம். ஒவ்வொரு உறையையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு மாநிலக் காவல்துறையின் பயிற்சி உண்டு.

அம்மாவின் பதிவில் இருந்தது, அடையாள அட்டை எடுத்தபோது மின்பலகையில் பிளாஸ்டிக் பேனாவால் போட்டது. அவர் தமிழில்தான் கையெழுத்திடுவார். பலகையில் எழுத்துகள் வழுக்கி, ஒரு கொம்பும் இழுபட்ட சுழியும் மட்டும் தெரிந்தன. உறையிலோ முழுப்பெயர், ஒவ்வொரு புள்ளியும் வைத்து நிதானமாக. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வேறு வேறு ஆள் மாதிரிதான் இருந்தது.

கடிதத்தோடு வந்த படிவத்தில் மறுபடியும் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினோம். அதற்குள் ஒரு கட்சியின் தொண்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். யார் ஓட்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைக் கட்சிகள் வாங்கிக்கொள்ளலாம். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் உறைக்குள். அந்தத் தொண்டர் அலைந்ததில் அர்த்தம் இருந்தது. அந்தத் தேர்தலில் பொது நிலங்கள் ஆணையர் பதவிக்கு முதல் இரண்டு பேர்தான் நவம்பர் தேர்தலுக்குப் போக முடியும் என்ற நிலையில், அந்த இரண்டாவது இடத்தை ஜனநாயகக் கட்சியின் டேவ் அப்தெக்ரோவ், குடியரசுக் கட்சியின் சூ கியூல் பெடர்சனை மறுஎண்ணிக்கைக்குப் பிறகு வெறும் 49 ஓட்டில் முந்திப் பிடித்தார். மாநிலம் முழுவதும் நடந்த போட்டியில் 49! 2004-லும் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டின் கிரெகோயர் 129 ஓட்டில்தான் ஆளுநர் ஆனார். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி 261 ஓட்டு முன்னால் இருந்தார். அந்தக் கசப்பு இங்கே குடியரசுக் கட்சிக்காரர்கள் பலருக்கு இன்னும் போகவில்லை.

தபால் ஓட்டில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை என்று டிரம்ப் ஆதரவாளரான ஒரு நண்பர் சொல்லும்போது இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. சரிபார்த்ததால்தானே அம்மா மாட்டினார்! இதே முறையை இங்கே வருடக்கணக்கில் நடத்தி, கட்சிக்காரர்களிடமே வாதாடியவர் கிம் வைமன். அவர் 2021 வரை மாநிலச் செயலராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தபால் ஓட்டை ஆதரிக்கும் நம் பக்கத்தினர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 தேர்தலை ஆராய்ந்த மாநிலத் தணிக்கையாளரின் 2022 அறிக்கைப்படி, கறுப்பின வாக்காளர்களின் உறைகள் வெள்ளையர்களுடையதைப்போல நான்கு மடங்கு விகிதத்தில் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆசியர்களுடையதும் கூடுதல்தான். ஊழியர்கள் பாரபட்சம் காட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. சரி, அப்படியென்றால் பதிவில் இருக்கும் பழைய கையெழுத்துகளைப் புதுப்பிக்க யாராவது முனைய வேண்டாமா? கடிதம் புரியாமல் குப்பையில் போட்ட முதியவர்கள் எத்தனை பேரோ.

சில நாளில் மாநில இணையதளத்தில் அம்மாவின் ஓட்டு ஏற்கப்பட்டதாக மாறியது. நவம்பரில் சிக்கலே வரவில்லை.

வீட்டில் பெரியவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால் உறையில் தொலைபேசி எண் கேட்கும் இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். போட்ட பிறகு இணையதளத்தில் நிலையைப் பாருங்கள். கை நடுங்கிக் கையெழுத்தே போட முடியாதவர்கள் ஒரு குறி இட்டு, இரண்டு சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்தால் போதும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.