முட்டோம்போவின் விரல்

கூடைப்பந்து வீரர் டிகெம்பே முட்டோம்போவைப் பலருக்கும் அந்த ஆட்காட்டி விரலால்தான் தெரியும். எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்டு, "இங்கே நடக்காது" என்பதுபோல விரலை ஆட்டுவார். ஏழடி இரண்டங்குல மனிதர், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 18 சீசன்கள்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவிலிருந்து 1987இல் அமெரிக்காவுக்குப் போனது டாக்டருக்குப் படிக்கத்தான். உயரத்தைப் பார்த்தவர்கள் விடுவார்களா? கூடைப்பந்துக்கு இழுத்துவிட்டார்கள்.

1997இல் கின்ஷாசாவில் கலவரம். தெருக்கள் அடைபட்டுக் கிடந்ததால் அவருடைய அம்மா பியாம்பா மேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டிலேயே இறந்துபோனார். மகனிடம் பணம் இருந்தும் பயனில்லை.

அப்புறம் அதே ஊரில் அம்மா பேரிலேயே 300 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி கட்டினார். 2007இல் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். செலவு சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். பாதிக்கு மேல் அவர் கைக்காசு. சும்மா செக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் இல்லை, மீதிக்கு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். சக ஆட்டக்காரர்களிடமும் கேட்டார். நம்மில் பலருக்கு அடுத்தவரிடம் கேட்கத்தான் கூச்சம் வரும்.

2024 செப்டம்பர் 30 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தார். வயது 58. டாக்டராகவில்லை, சரி. கின்ஷாசாவில் இன்றைக்கும் அம்மா பேர்ப்பலகைக்குக் கீழே ஆட்கள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள்.