அலை எழும்பக்கூடும்

எங்கள் ஊரில் கோயிலுக்கும் கடலுக்கும் ரொம்ப நாள் ஒரே குழாய் ஸ்பீக்கர்தான். பாம்பன் பக்கம், தென்கடலைப் பார்த்த சின்ன ஊர். சாயங்காலம் ஆறரைக்கு உபதேசியார் செபமாலை தொடங்குவார். ஐம்பத்து மூன்று மணி அருள்நிறை முடிந்து, பிரார்த்தனை முடிந்து, அவர் மைக்கைத் துடைத்து என்னிடம் கொடுப்பார். நான் ஏழு மணிக்கு அலை உயரம் வாசிப்பேன். உபதேசியார் என் அப்பா.

ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் மையத்தில் எனக்கு வேலை. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தினமும் கடல்நிலைக் கணிப்பு அனுப்பும். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசை, என்ன வேகம், நீரோட்டம் எப்படி. அதை எடுத்து எங்கள் ஊர்ச் சனங்களுக்குப் புரிகிற மாதிரி மைக்கில் சொல்ல வேண்டும். இப்போது வாட்ஸப் வந்துவிட்டது, எல்லார் கையிலும் கணிப்பு இருக்கிறது. ஆனாலும் ஏழு மணிக் குரலை நிறுத்த ஊர் விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு கோளாறு செய்தேன். கணிப்பில் ‘2.5 முதல் 2.9 மீட்டர் வரை அலைகள் எழும்பக்கூடும்’ என்று இருந்தது. எனக்குப் பயம். ‘நாளைக்குப் பெரிய அலை வரும், யாரும் கடலுக்குப் போகாதீங்க’ என்று மைக்கில் அறிவித்துவிட்டேன். மறுநாள் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பக்கத்து ஊர் வள்ளங்கள் போய் நல்ல நண்டுப்பாட்டோடு வந்தன. எங்கள் ஊர் ஆட்கள் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஒரு நாள் தொழில் போனால் அந்த வாரத்துச் செலவே போயிற்று.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வயதான ஒரு மீனவர் மட்டும் மையத்து வாசலில் நின்று, “மகளே, படிச்சதப் படி. ஒன் பயத்தயும் சேத்துப் படிக்காத” என்றார்.

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதைவிட உருப்படியான பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. ‘கூடும்’ என்று இருந்தால் ‘கூடும்’ என்றே வாசிக்க வேண்டும். ‘வரை’யை விழுங்கக் கூடாது. சொல்லப்போனால், அப்படி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர் என் குரலை நம்பத் தொடங்கியது.

அப்பாவின் மைக்கில் ‘கூடும்’ கிடையாது. ‘விசுவசிக்கிறேன்’ என்று அவர் சொன்னால் பனைமரம் நிற்கிற மாதிரி நிற்கும். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்ததால், விசுவாசம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குள் ஆட்டம் காண ஆரம்பித்தபோது அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. உபதேசியார் மகள் வேறு.

ஆட்டம் கண்டது ஒரு வள்ளத்தால். நாலு பேர் போன வள்ளம் திரும்பவில்லை. மூன்று நாள் ஊரே கோயிலில் கிடந்தது. விடிய விடிய செபமாலை. மைக் என் பொறுப்பு என்பதால் நானும் அங்கேயே இருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு பேர், வெறும் பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தவர்கள், வேறு ஊர்ப் படகில் வந்து சேர்ந்தார்கள். மற்ற இரண்டு பேர் வரவில்லை.

அந்த ஞாயிறு நன்றிப் பூசை. ‘நம் மன்றாட்டை ஆண்டவர் கேட்டார்’ என்று பிரசங்கம். சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு வேறு என்னதான் சொல்வார்? ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை நேராகத் தெரியும். வராத இருவரில் ஒருவரின் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து ‘ஆமென்’ சொன்னார். அவரும்தானே மூன்று நாள் செபித்தார்? ஒரே கோயில், ஒரே செபமாலை, ஒரே குழாய். அன்றைக்கு என் வாயிலிருந்து ஆமென் வரவில்லை. அப்புறம் பல மாதம் வரவில்லை. உதடு அசையும், அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஏழு மணி அறிவிப்பு அங்கிருந்துதான். விசுவாசம் விட்டுப்போனாலும் வேலை விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தச் சமயத்தில் வேலையிலிருந்தே ஒரு ஆறுதல் தேடிப் பிடித்தேன். அலைக் கணிப்போடு, மீன் எங்கே கூடும் என்றும் ஒரு தகவல் வரும். செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்வது அது. மேகம் மூடிக்கொண்டால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. அன்றைக்கு ‘தகவல் இல்லை’ என்று வாசிப்பேன். தகவல் இல்லை என்றால் மீன் இல்லை என்று அர்த்தமா? ஆண்டவர் விஷயமும் அப்படித்தானோ என்று ஒரு நாள் தோன்றியது. பிரசங்கத்தில் சொன்னால் நன்றாக எடுபடும். எனக்கு அது பாதி நாள்தான் தாங்கியது. மேகம் விலகினால் மறுநாள் தகவல் வந்துவிடும், மீன் கிடந்ததா இல்லையா என்று வலை சொல்லிவிடும். செபத்தை எந்த வலையால் சோதிப்பது?

எங்கள் வீட்டுச் சுவரில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியான புனித குழந்தை தெரசம்மாள் படம் ஒன்று உண்டு. சிலுவையையும் ரோஜாப்பூக்களையும் அணைத்துக்கொண்டு, கவலையே இல்லாத முகம். அந்த முகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. அவர் சரித்திரத்தைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1896 ஈஸ்டரிலிருந்து 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயில் சாகும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வருடம், மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டில்தான் கிடந்திருக்கிறார். சாகும்போது வயது 24. அந்த நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தாலேயே எழுதி, எப்போதும் தன்னோடு வைத்துக்கொண்டாராம். விசுவாசம் உறுதியாக இருக்கிறவருக்கு அதை ரத்தத்தில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள என்ன அவசியம்? படத்தில் ரோஜாவை வரைந்தவர்கள் அந்தக் காகிதத்தையும் வரைந்திருக்கலாம்.

தோமையாரை மட்டும் நாம் சந்தேகத் தோமை என்றே பேர் வைத்துக் கூப்பிடுகிறோம். மயிலாப்பூரில் அவர் கல்லறை என்று பாரம்பரியம். நம் நாட்டுக்கு வேதம் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற அப்போஸ்தலரே காயத்தில் கையை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். இது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இன்னொன்று மாற்கு நற்செய்தியில், நோயாளிப் பையனின் தகப்பன் கத்துவது: “நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்.” ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். ‘முதலில் ஒழுங்காக நம்பிவிட்டு வா’ என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையனுக்குச் சுகமாகிறது. அதே நற்செய்தியில் புயலில் மாட்டிய சீடர்கள், படகின் பின்பக்கம் தலையணையில் தூங்குகிற இயேசுவை எழுப்பி, “போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?” என்கிறார்கள். இதைக் கரையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் அவர்களை அவிசுவாசிகள் என்பார்கள். வள்ளத்தில் போகிற எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் செபம்தான்.

2020 டிசம்பரில் புரெவி வந்தது. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கரை கடக்கும் என்று கணிப்பு. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டோம். ஒவ்வொரு அறிக்கையையும் வந்த மாதிரியே, ‘கூடும்’ குறையாமல் வாசித்தேன். மூன்றாம் தேதி சவேரியார் திருநாள். புயல் எங்கள் கரைக்கு வெளியே வந்து, நகராமல் நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் நின்று, நின்ற இடத்திலேயே வலுவிழந்து போனது. தள்ளிக்கொண்டு போக வேண்டிய மேல்காற்றில் தெம்பில்லை என்பது வானிலைக் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு: “சவேரியார் புடிச்சு நிறுத்திட்டார்.”

அதே புரெவி மழையில்தான் கடலூர்ப் பக்கம் வெள்ளம், சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர். சவேரியார் இங்கே பிடித்து நிறுத்தினார் என்றால் அங்கே கொட்டியது யார் பொறுப்பு? அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கு அவரப் பத்தித் தெரியாதது நெறைய. ஆனா இன்னைக்கு ஸ்தோத்திரம் சொல்லாம எப்புடித் தூங்குறது?” என்றார். பதில் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு ராத்திரி நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

எங்கள் பாட்டி தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தப்பி வந்தவர். கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்தது. அங்கே கூரை போன கோயிலின் சுவர் இன்னும் நிற்கிறது, வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாட்டி அதற்குப் பிறகு சாகும்வரை வீட்டில் குடில் கட்ட விடவில்லை. பூசையை ஒரு நாள்கூட விட்டதில்லை. இரண்டையும் அவர் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

வராத இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் வெறும் பெட்டியை வைத்து அடக்கப் பூசை செய்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அக்கா சம்மதிக்கவில்லை. சட்டமே காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள 7 வருடம் கேட்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கடல்பாசி எடுக்கப் போகத் தொடங்கினார். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிற வேலை. தினமும் அவர்தான் முதலில் கேட்பார், “நாளைக்கு எப்புடி?” என்று.

நவம்பர் 2, ஆன்மாக்கள் திருநாளன்று இறந்தவர்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். செபமாலைக்குப் பின்னால் அதை மைக்கில் வாசிப்பது சில வருடமாக என் வேலை, அப்பாவுக்குக் கண் சரியில்லை. முதல் இரண்டு வருடமும் அக்கா சீட்டுக் கொடுக்கவில்லை. மூன்றாம் வருடம் வந்தார். நாலாக மடித்த காகிதம், உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்.

“செத்தவங்களோட சேத்து வாசிக்காத” என்றார். “அதுக்காக வாசிக்காமலும் இருந்துறாத.”

என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். “கடைசியில தனியா வாசி” என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான். பட்டியல் முடிந்ததும் ஒரு மூச்சு விடுவேன். அப்புறம் அந்த ஒரு பெயர், முன்னால் ஒன்றும் சேர்க்காமல், பின்னால் ஒன்றும் சேர்க்காமல். கூட்டம் ஆமென் சொல்லும், இப்போதெல்லாம் நானும் சொல்கிறேன், சில வருடம் சத்தமாக, சில வருடம் உதட்டோடு. அதற்குள் ஏழு மணி ஆகியிருக்கும். அடுத்த காகிதத்தை எடுப்பேன். தென்கடலில் நாளை, 1.2 முதல் 1.6 மீட்டர் வரை.