ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த மூன்று மாத சர்க்கரை டெஸ்ட்

சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட் எடுத்து, அந்த எண்ணை மட்டும் பார்த்து சர்க்கரை மாத்திரையைக் குறைக்கச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். என் அப்பாவுக்கு அப்படித்தான் குறைத்தார்கள். அதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட அலைச்சல் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு என்று அப்பாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் ஏற்றினார்கள், இரும்புச்சத்து ஊசி போட்டார்கள், தேறி வந்துவிட்டார். சில வாரம் கழித்துக் கண்புரை அறுவைக்காக வேறோர் இடத்துக்குப் போனோம். ஹெச்பிஏ1சி 5.7 என்று வந்தது. “சர்க்கரை ரொம்ப நல்லா இருக்கு, மாத்திரையப் பாதியாக்கிக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டு குளுக்கோமீட்டரோ சாப்பாட்டுக்குப் பின் 240, 260 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால், “மிஷின மாத்துங்க சார்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அப்பாவுக்கும் குழப்பம். “லேப்ல எடுத்தது தப்பா இருக்குமாப்பா?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்த கையோடு குளுக்கோமீட்டரிலும் குத்திப் பார்த்தோம். லேபில் 168, மீட்டரில் 174. மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. ஹெச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரி சர்க்கரை கிடைக்கும், 5.7க்கு அது சுமார் 117. வெறும் வயிற்றிலேயே 168 இருப்பவருக்கு 117 எப்படிச் சராசரியாகும்?

நான் படித்தது உயிர்வேதியியல். அதனால் எங்கே இடிக்கிறது என்று பிடிபட்டது. உடம்பில் சர்க்கரை புரதத்தோடு சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, நொதிகள் இடம் பார்த்துச் சேர்ப்பது. புரதத்தின் அமினோ அமிலங்களில் பெரும்பாலும் அஸ்பரஜினின் நைட்ரஜனில், இல்லையென்றால் செரின், திரியோனினின் ஆக்சிஜனில். இன்னொரு வழியில் நொதியே கிடையாது. ரத்தத்தில் சுற்றும் குளுக்கோஸ், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி தொடங்கும் இடத்தில் உள்ள வேலின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ முனையில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் உண்டாகும் தளர்வான பிணைப்பு (ஷிஃப் பேஸ்) பிரிந்துவிடக்கூடியது. அதுவே பிறகு அமடோரி மறுசீரமைப்பு என்ற மாற்றத்தில் கீட்டோஅமீன் என்ற உறுதியான பிணைப்பாக மாறிவிட்டால் பெரும்பாலும் அந்தச் சிவப்பணு சாகும்வரை விலகாது. இப்படிச் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்தான் ஹெச்பிஏ1சி. சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக இருப்பதை 1968இல் கண்டு சொன்னவர் சாமுவேல் ரஹ்பர்.

அதாவது இந்த டெஸ்ட் சர்க்கரையை மட்டும் அளப்பதில்லை, சிவப்பணுவின் வயதையும் சேர்த்தே அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அதற்கு மூன்று மாத டெஸ்ட் என்று பெயர். அப்பாவின் உடம்பில் ஓடியதில் ஒரு பங்கு யாரோ கொடுத்த ரத்தம். இன்னொரு பங்கு, இரும்புச்சத்து கிடைத்ததும் எலும்பு மஜ்ஜை புதிதாக உருவாக்கிய இளம் அணுக்கள். அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது. லேப் அளந்தது சரி, அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தப்பு.

இதை எழுதிக்கொண்டு, கண் அறுவைக்குப் போன இடத்தில் போய்ச் சொன்னோம். “ரத்தம் ஏத்தினதுக்கு பேப்பர் இருக்கா?” என்று கேட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தால், அதில் ரத்தம் ஏற்றியது பற்றி ஒரு வரி கூட இல்லை! பழைய மருத்துவமனைக்குப் போனால், “கேஸ் ஷீட்டெல்லாம் பேஷண்டுக்குத் தர்றதில்ல” என்று ரெக்கார்ட் பிரிவில் கையை விரித்தார்கள். அப்புறம் வரச் சொன்னார்கள், போனால் பொறுப்பாளர் லீவு. எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். வாயால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, அந்த விதியைக் குறிப்பிட்டு மனு கொடுத்தேன். நகலில் தேதியோடு சீல் போட்டுத் தரச் சொன்னேன். அதன் பிறகுதான் நகர்ந்தது. ரத்தம் ஏற்றிய குறிப்பு, பையின் எண், தேதி எல்லாம் கேஸ் ஷீட்டில் தெளிவாக இருந்தன.

அதைக் கையில் கொடுத்ததும் கண் அறுவைக்குப் போன இடத்தில் இருந்த மூத்த மருத்துவர் உடனே புரிந்துகொண்டார். ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். இதுவும் சர்க்கரை புரதத்தில் ஒட்டுவதை அளப்பதுதான், ஆனால் பார்ப்பது சிவப்பணுவில் அல்ல, சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) உள்ள புரதங்களில், முக்கியமாக ஆல்புமினில். அதனால் கடைசி இரண்டு மூன்று வாரச் சர்க்கரை தெரியும், ஏற்றிய ரத்தம் அதைக் குழப்பாது. எங்கள் பக்கத்து லேபில் கிடையாது, சென்னைக்கு அனுப்பினார்கள். வழக்கமான மேல் எல்லை லிட்டருக்கு 285 மைக்ரோமோல் அளவில் இருக்கும்; அப்பாவுக்கு 380ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை அன்றே பழைய அளவுக்குப் போனது. சர்க்கரை இறங்கிய பிறகு கண் அறுவையும் நல்லபடியாக முடிந்தது.

ஃப்ரக்டோசமைன் எடுப்பவர்கள் ஆல்புமினையும் சேர்த்து எடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஆல்புமின் குறைவாக இருக்கும், அப்போது இந்த எண்ணும் ஏமாற்றும். வெறும் இரும்புச்சத்துக் குறைவு மட்டும் இருந்தால் கதை தலைகீழ்: ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபின் அளவு தெரியாமல் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். ரத்தம் ஏற்றினால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சம்மரியில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுத வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.